ஒருமுறை நனைந்த துவரை

முதலில் என் கையெழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நான் அனுப்பியதைப் பார்த்து, அச்சுக் கோப்பவர் ‘இது ஆள் எழுதியதா, கோழி கிளறியதா’ என்று கேட்டாராம். பத்திரிகை ஆசிரியர் அதை ஒரு கார்டில் எழுதி எனக்கு அனுப்பியிருந்தார். ஆள் எழுதியதுதான். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆள். ல, ள, ழ மூன்றையும் கண்டால் எனக்கு மூன்று பங்காளிகளைப் பார்த்த மாதிரி இருக்கும். யாரை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாது. தப்பாக உட்கார வைத்திருந்தால் அவர் எழுப்பி மாற்றி உட்கார வைக்கட்டும். இந்த வாரம் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்குக் கல்யாணம் ஆன வருஷம். ஆடி மாதம். மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, பெண் வீட்டுக் களத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே மாமனார் ஆகப்போகிற கருப்பண்ணன். அவருக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா நாச்சாயி. ஊரே அவரை அத்தை என்றுதான் கூப்பிடும். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலைந்து பேர்.

என் முன்னால் ஈரச்சாக்கில் சுற்றிய இரண்டு பொட்டலம். சாக்கிலிருந்து தண்ணீர் கசிந்து, சாணி மெழுகிய களத்தில் ஒரு கோடு போட்டபடி, கருப்பண்ணனின் கால் கட்டைவிரலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏனுங் மாப்பிள்ளை,” என்றார் அவர். “வந்து ரெண்டு வெத்தலை போடற நேரம் ஆச்சு. ஏதாச்சும் சொல்லுவீங்களா? இல்லெ களத்தை நனைச்சுட்டுப் போலாம்னு வந்தீங்களா?”

நான் வாயைத் திறந்தேன். தண்ணீர் கட்டைவிரலைத் தொட்டது. அவர் காலை இழுத்துக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பொட்டலத்தில் இருந்தது துவரை. நான் செய்த ஒரு தப்பை அந்தத் துவரையை வைத்துக்கொண்டு ஒப்புக்கொள்ளப் போயிருந்தேன். சொல்லாவிட்டால் ஒரு பெண்ணின் பேர் கெடும். சொன்னால் எங்கள் வீட்டுப் பேர் கெடும். சங்கதி இவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் எனக்கு ரெண்டு வெத்தலை நேரம் போதவில்லை.

கண் வைக்க ஓர் இடம்

நான் சின்ன வயதிலிருந்தே அப்படி. நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாது. ஆள் முகத்தைப் பார்க்க முடியாது. வானத்தைப் பார்த்தால் மழை வருமா என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் கையில் எது கிடைக்கிறதோ அதைப் பார்ப்பேன். எங்கள் பக்கம் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஏதாவது ஒரு விதையாகத்தான் இருக்கும்.

பங்காளிகள் கூடிக் காட்டுத் தகராறு பேசிய ஒரு மத்தியானம் முழுதும் நான் நிலக்கடலையைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தோலை உரித்துப் பருப்பைப் பிளந்தால், ஒரு பாதியின் நுனியில் சின்னதாக மூக்கு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கசக்கும் என்று சிலர் அதைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்பார்கள். அவர்கள் எறிவதுதான் செடி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு முனை வேருக்கு, மறுமுனையில் மடித்துவைத்த இலை. மிச்சப் பருப்பு இரண்டும், அது சொந்தமாகச் சம்பாதிக்கும் வரை தின்பதற்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு.

ஆமணக்கு வேறு மாதிரி. ஓட்டை உடைத்து வெள்ளைச் சதையைப் பக்குவமாகப் பிளந்தால் நடுவில் வெங்காயத் தோலைவிட மெல்லிய இரண்டு இலை, நரம்போடு இருக்கும். சோளம் பிளக்கவே பிளக்காது. ஒரு பக்கத்தில் முளை ஒட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் முழுக்க மாவு.

அன்றைக்குத் தகராறு யார் பக்கம் தீர்ந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை வாத்தியார் ஈரத்துணியில் மொச்சை போட்டு முளைக்கவைத்து, அதைப் பலகையில் வரையச் சொன்னார். நான் வேரை மேல்பக்கம் பார்க்க வரைந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். என் மொச்சை தலைகீழாக விழுந்திருந்தது, நான் பார்த்ததைத்தான் வரைந்தேன். மறுநாள் பார்த்தால் அந்த வேர் தானாக வளைந்து கீழே திரும்பியிருந்தது. விதையை எப்படிப் போட்டாலும் வேருக்குக் கீழே எது என்று தெரிகிறது. இதை வாத்தியாரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றுவிட்டேன்.

அவரை, மொச்சை, தட்டைப்பயறு, புளி இவையெல்லாம் முளைக்கும்போது பருப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊருக்கே காட்டிக்கொண்டு வரும். துவரை அப்படி இல்லை. பருப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு, குருத்து மட்டும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வரும். எனக்குத் துவரைமேல் ஒரு பிரியம் உண்டு.

இரண்டு சிவப்புப் பானை

துவரைக்குச் செம்மண் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் இரண்டு விதம்.

பருப்புக்கு வேண்டிய துவரையை ஒரு ராத்திரி ஊறவைத்து, செம்மண்ணில் பிசறி, நல்ல வெயிலில் நாலு நாள் காயப்போட வேண்டும். அப்போதுதான் தோல் கழன்று, திருகையில் போட்டால் பருப்பு அழகாக இரண்டாக உடையும். விதைக்கு வேண்டிய துவரையை ஊறவைக்கவே கூடாது. செம்மண் குழம்பில் ஒரு புரட்டுப் புரட்டி அப்போதே உலர்த்தி எடுத்துவிட வேண்டும். அது வண்டு விழாமல் இருக்க.

இரண்டும் சிவப்பு. இரண்டும் பானையில்தான் இருக்கும். எங்கள் வீட்டில் விதைப்பானை வலது மூலையிலும் பருப்புப்பானை இடது மூலையிலும் இருக்கும். என் அண்ணனுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான்.

அந்த வருஷம் கருப்பண்ணன் வீட்டு விதைத் துவரையை வண்டு தின்றுவிட்டது. உறுதி வார்த்தை முடிந்து, ஆவணியில் கல்யாணம் என்று பேசியிருந்தது. சம்பந்தி வீடாயிற்றே என்று எங்களிடமே விதை கேட்டு ஆள் வந்தது. அண்ணன் என்னிடம், “தம்பி, நாலு படி எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டு வா” என்றார்.

நான் வலது மூலைப் பானையைத் திறந்தேன். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கை அப்போது வாசற்படியில் நின்று முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. “இதுதானுங்களா விதை?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நங்கையிடம் நேராக எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அது வீட்டுக்கு வந்து அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது நங்கை பானைகளை இடம் மாற்றி வைத்திருந்தது. அது எனக்குத் தெரியாது.

அவள் போட்ட சால்

மழை பெய்தது. கருப்பண்ணன் கடலை விதைத்தார். எட்டு உழவுச் சாலுக்கு ஒரு சால் துவரை. கடலையைக் கூலிக்கு வந்த பெண்கள் போட்டார்கள். துவரையை மட்டும் வீட்டுப் பெண் போடட்டும் என்று, ஏருக்குப் பின்னால் பாவாயியை விட்டார்கள். எனக்குப் பேசியிருந்த பெண் அவள்தான். அதுவரை நான் அவளுடைய வலது கையை மட்டும் பார்த்திருந்தேன். பெண் பார்க்கப் போனபோது அந்தக் கை எனக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தது.

எட்டாம் நாள் கடலை முழுதும் முளைத்து வந்தது. துவரைச் சால் எல்லாம் வெறுமையாகக் கிடந்தது.

நாச்சாயி அத்தைதான் வரப்பில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறது: “கூலிக்கு வந்தவ போட்டது முளைச்சிருச்சு. இவ போட்ட சாலு மட்டும் வாயைப் பொத்திக்கிச்சே! என்ன கையோ போ.”

அதற்கப்புறம் அத்தை பாவாயியை அவரைப் பந்தலுக்குத் தண்ணீர் விட விடவில்லை. கோழியை அடைக்கு வைக்க விடவில்லை. பாலுக்கு உறை ஊற்றக்கூட விடவில்லை. தயிர் தோயாமல் போய்விடுமாம்.

பேச்சு வரப்பு தாண்டி எங்கள் வீட்டுச் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்தது. அண்ணன் களியை உருட்டிக்கொண்டே சொன்னார்: “அந்தப் புள்ளை கை ஆகாதாமா. விதையே முளைக்காத கையைக் கொண்டாந்து ஊட்டுல வெச்சுக்கறதான்னு பெரியவங்க யோசிக்கறாங்க. ஆவணிக்கு இன்னும் நாள் கெடக்குது. வேற எடம் பாக்கலாம்.”

எனக்குக் களி இறங்கவில்லை. நங்கை இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றியது. அப்போதும் இறங்கவில்லை.

சாலைத் தோண்டியது

மறுநாள் காலையில் மாடு தேடுகிற மாதிரி கருப்பண்ணன் காட்டுப் பக்கம் போனேன். எங்களிடம் இருந்த மாடு இரண்டும் வீட்டில் கட்டிக் கிடந்தன. யாரும் கேட்கவில்லை.

துவரைச் சாலில் விரலை விட்டுத் தோண்டினேன். விதை கிடைத்தது. ஊறிப் பருத்து, கொழகொழவென்று இருந்தது. தோல் தானாகக் கழன்றது. பிளந்து மூக்கைப் பார்த்தேன். வெள்ளையாக இருக்கவேண்டிய மூக்கு பழுப்பாக இருந்தது. மோந்து பார்த்தேன். பழைய பருப்புத் தண்ணீர் நாற்றம். இன்னும் ஏழெட்டு இடத்தில் தோண்டினேன். எல்லாம் அதே.

அவள் கை ஒழுங்காகத்தான் போட்டிருந்தது. ஒரே ஆழம், ஒரே இடைவெளி. நான்கூட அவ்வளவு நேராகப் போடமாட்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு பானையிலும் கைவிட்டு எடுத்து, மண்ணைத் துடைத்துப் பார்த்தேன். இடது மூலைத் துவரை தோல் இறுகி, அழுத்தமாக இருந்தது. வலது மூலைத் துவரையில் தோல் லேசாகச் சுருங்கியிருந்தது. நகத்தை வைத்ததும் இரண்டாகப் பிரிந்தது. பருப்பு உடைப்பதற்கு அதைவிட நல்ல துவரை கிடையாது.

விதை என்பது காய்ந்து கிடக்கும் வரைதான் தூக்கம். துவரையின் பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு தழும்பு இருக்கும், காய்க்குள் ஒட்டிக்கொண்டிருந்த இடம். அதன் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. நனைந்த விதையை அழுத்தினால் அங்கே ஒரு பொட்டுத் தண்ணீர் வரும். அந்த வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போனதும் பருப்பு பருக்கும், மூக்கு விழித்துக்கொள்ளும், கட்டுச்சோற்றை அவிழ்க்க ஆரம்பிக்கும். வேர் முதலில் கிளம்பும். எழுந்தது எழுந்ததுதான். எழுந்த பிறகு சித்திரை வெயிலில் நாலு நாள் காயப்போட்டால், திரும்பத் தூங்கப் போகாது. செத்துப்போகும். வெளியே தோல் மட்டும் துவரையாகவே இருக்கும்.

நங்கை என் பின்னால் வந்து நின்றிருந்தது.

“கொழுந்தனாரே, எந்தப் பானையிலுங்க எடுத்தீங்க?”

வலது மூலையைக் காட்டினேன்.

நங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. சிரிப்பா, அழுகையா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஒரு வார்த்தை கேட்டா முத்தா உதுந்துரும்?” என்றது. பிறகு, “நானாச்சும் பானையை மாத்துனதைச் சொல்லியிருக்கோணும். நீங்க காதுல வாங்குனீங்களா இல்லையான்னே தெரியாதேன்னு உட்டுட்டேன்” என்றது.

அண்ணனிடம் நங்கைதான் சொன்னது. அண்ணன், “வெளிய சொல்ல வேண்டாம்” என்றார். “செத்த விதையைச் சம்பந்தி ஊட்டுக்குக் குடுத்தோம்னு தெரிஞ்சா வேணும்னே செஞ்சதும்பாங்க. அவங்க காடு, அவங்க புள்ளை. நம்ம வாயை நாம எதுக்குத் தொறக்கோணும்?”

என் வாயைப் பற்றி யாரும் அப்படிக் கவலைப்பட வேண்டி வந்தது அதுதான் முதல் தடவை.

களத்தில்

இரண்டு பானைத் துவரையையும் தனித்தனியாக ஈரச்சாக்கில் சுற்றி, வைக்கோலுக்குள் வைத்தேன். நாலாம் நாள் எடுத்துக்கொண்டு நடந்தேன். போகும் வழியில் சொல்லவேண்டியதை ஐந்து வாக்கியமாகக் கட்டி, மனப்பாடம் செய்துகொண்டே போனேன். களத்தில் உட்கார்ந்ததும் நாலு மறந்துவிட்டது.

கருப்பண்ணன் காலை இழுத்துக்கொண்டதும் மிச்சமிருந்த ஐந்தாவதைச் சொன்னேன். “நான் பானை மாத்தி எடுத்துட்டேனுங்க.”

சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒன்றில் துவரை ஒவ்வொன்றும் வெள்ளை வேர் விட்டு, ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தது. மற்றதைப் பிரித்ததும் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். நான் இரண்டையும் பிளந்து வைத்தேன். இது விதைக்கு வைத்தது, இது பருப்புக்கு ஊறவைத்தது என்று விரலால் காட்டினேன். செம்மண் கட்டுவது தெரிந்த ஊர். அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கருப்பண்ணன் முகம் சிவந்தது. “பருப்பையா குடுத்தனுப்பினீங்க? கொழம்பு வெக்கறதுக்கா நான் ஏர் ஓட்டுனேன்?”

“ஆமாங்க,” என்றேன்.

நாச்சாயி அத்தை விடவில்லை. “தம்பி, இது நீங்க உங்க ஊட்டுல முளைக்க வெச்சது. உங்க கை ராசி முளைச்சிருக்குது. அவ கை பட்டா முளைக்குமுங்கறதுக்கு என்ன சாச்சி?”

அப்போது மாட்டுக் கட்டுத்தறியிலிருந்து பாவாயி வந்தாள். கையில் சாணி. அதைக் கழுவிவிட்டு வந்து களத்து ஓரத்தில் நின்றாள்.

“ரெண்டு துவரையும் காஞ்சது இன்னும் இருக்குதுங்களா?” என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

வேட்டி மடியில் இரண்டு முடிச்சு வைத்திருந்தேன். எடுத்து வைத்தேன்.

“அப்பா, கெணத்து மேட்டுல ரெண்டு சாலு கீறுங்க. விதைப்பானைத் துவரையை நான் போடறேன். பருப்புப்பானைத் துவரையை அத்தை போடட்டும். அத்தை கை நல்ல கையாச்சே.”

அத்தை இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் நல்ல கை என்று நாலு பேர் முன்னால் சொன்ன பிறகு மறுக்க முடியவில்லை. எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டது. பாதி தூரம் போனதும் திரும்பி என்னைப் பார்த்தது.

“அவ போட்டதும் முளைக்கலீன்னா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதோ சொன்னேன். அது இங்கே வேண்டாம்.

ஆறாம் நாள்

இரண்டு சாலுக்கும் ஒரே குடத்துத் தண்ணீர். கோழி கிளறாமல் இருக்க முள் வெட்டிப் போட்டார்கள். அந்த ஐந்து நாளும் நான் வீட்டில் என்ன செய்தேன் என்று நினைவில்லை. மாடு இரண்டும் வழக்கத்துக்கு அதிகமாகத் தண்ணீர் குடித்ததாக அண்ணன் சொன்னார். திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன்.

ஆறாம் நாள் ஆள் வந்தது. போனேன். பாவாயி போட்ட சாலில் மண் வெடித்து, துவரை வரிசையாகத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்திருந்தது. நாலைந்து அதற்குள் நிமிர்ந்தும் விட்டன. அத்தை சாலில் ஒன்றுமில்லை.

“அன்னைக்கு நான் விளக்கெண்ணெய் தொட்டுட்டு வந்தேன். அதான்,” என்றது அத்தை. தன் சாலுக்கு மட்டும் இன்னும் பத்து நாள் தண்ணீர் ஊற்றியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

கருப்பண்ணன் கிணற்று மேட்டிலேயே நின்று வீட்டைப் பார்த்து, அத்தை காதில் விழுகிற மாதிரி சத்தம் போட்டார்: “சாமி பாவாயி, இன்னைக்குப் பாலுக்கு நீயே உறை ஊத்து.”

அடுத்த மழைக்குத் துவரைச் சாலை மட்டும் திரும்ப ஓட்டினோம். ஏர் நான் பிடித்தேன். விதை எங்கள் வீட்டு இடது மூலைப் பானையிலிருந்து போனது. நங்கை தன் கையாலேயே அளந்து, இரண்டு தடவை பிளந்து பார்த்து, மூட்டை கட்டிக்கொடுத்தது. பாவாயி பின்னால் போட்டுக்கொண்டே வந்தாள். மூன்றாவது சால் திரும்பும்போது என் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: “இனிமே எதை எடுக்கறதுன்னாலும் கேட்டுட்டு எடுங்க.” என்னிடம் அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். இன்றுவரை கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன்.

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். முறத்தில் துவரை பார்த்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. விட்டது தெரியும்.

“அத்தை கேட்டப்ப நீங்க சொன்னது எங்கெ?”

“அது எதுக்கு?”

“அதைப் போடாட்டி இந்தக் கடுதாசியைத் தபால்ல போட வேண்டாம்.”

போட்டுவிடுகிறேன். அவள் போட்டதும் முளைக்காவிட்டால் என்ன என்று அத்தை கேட்டபோது, நான் அவ்வளவு பேர் முன்னால் நிமிர்ந்து சொன்னது இது:

“முளைக்காட்டியும் ஆவணியில கல்யாணமுங்க.”

சர்வதாரி வருஷம், ஆடி மாதம் பதினோராம் நாள். காலையில் அவளும் நானும் துவரை போட்டுவிட்டு வந்த பிறகு.